திங்கட்கிழமை நாம் என்ன மதம்?

பாகான் செராயைப் பலரும் பெயர்ப்பலகையில்தான் பார்த்திருப்பீர்கள். பினாங்குக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலையில் வரும். வந்த வேகத்தில் தாண்டிவிடுவோம். ரயிலில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தைப்பிங்கைத் தாண்டி, புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் ஓடி முடித்ததும் இரண்டு பக்கமும் வயல் விரியும். பேராக் தமிழர் என்றதும் பால்மரமும் ஈயமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் நெல்.

அம்மாவின் ஊர் இது. அம்மா பக்கம் கத்தோலிக்கர்கள், அப்பா பக்கம் சைவர்கள். அதனால் எங்கள் வீட்டில் தீபாவளியும் உண்டு, கிறிஸ்மஸும் உண்டு. அத்தை சுட்டு அனுப்பும் தீபாவளி முறுக்கு கிறிஸ்மஸ் வரை தகர டின்னில் தாக்குப்பிடிக்கும். (அந்த முறுக்கைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஆசிரியர் அனுமதித்தால்.)

இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. 1880-களில், தமிழ் கற்று நம் மக்களிடையே பணியாற்றிய ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென ஒரு குடியேற்றத்தை அமைத்தார். காட்டை வெட்டி விவசாயம் செய்ய நிலம், கும்பிட சூசையப்பர் கோயில். அந்தக் காலத்தில் கெரியான் வட்டாரமெங்கும் கரும்புத் தோட்டங்கள். அவற்றில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். ஒப்பந்தம் முடியும்வரை கால் அவர்களுடையதாக இருந்தாலும் நடை அவர்களுடையதல்ல. அந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. அப்படிப்பட்ட ஊரில், தமிழன் தன் வயலில் தானே நாற்று நடுவது சின்ன விஷயமா? ஃபே பின்னாளில், 1896-இல், மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். ஊர்ப் பெரியவர்களின் வாயில் அவர் ஆயராக வருவதில்லை. சேற்றில் இறங்கிய சாமியாராகத்தான் வருகிறார்.

கிறிஸ்துவ விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் வாழ்ந்து காட்டுவது பற்றி எழுதுங்கள் என்று இந்த வாரம் கேட்டிருந்தார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கோயிலல்ல, மடை.

நெல் வயல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அது. இன்றும் கெரியானில் இருபதாயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட வயலுக்கு அந்தத் தண்ணீர்தான். வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் மேல் வயலுக்கு முதலில், கீழ் வயலுக்குப் பிறகு. மேல் வயல்காரர் பஞ்சார்காரராக இருக்கலாம், பக்கத்து வயல்காரர் சீனராக இருக்கலாம், கீழ் வயலில் நம் ஆள். இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் மடையைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் விடிவதற்குள் உங்கள் வயல் நிறைந்துவிடும். அடுத்தவர் வயல் வெடித்துக் கிடக்கும். கேட்டால், "மழை இல்லையே, என்ன செய்ய?" என்று கையை விரித்துவிடலாம்.

எங்கள் தாத்தா ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகிறவர். ஆனால் ஊரில் அவர் பேர் வாங்கியது பூசைக்காக அல்ல, மடைக்காக. அவர் முறை முடிந்தால் தூக்கத்தில் இருந்து எழுந்து போய் மடையை அடைத்துவிட்டு வருவார் என்று பக்கத்து வயல்காரர் ஒருவர், முஸ்லிம், தாத்தாவின் அடக்கத்தன்று அம்மாவிடம் சொன்னாராம். அந்தப் பக்கத்து வயல்காரர் பைபிளைத் திறந்து பார்த்தவரல்ல. அவர் வாசித்த ஒரே சுவிசேஷம் அந்த மடைதான்.

நம் விசுவாசத்தை மற்றவர்கள் எங்கே வாசிக்கிறார்கள்? காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வசனத்திலா? அந்தக் கார் சிக்னல் போடாமல் குறுக்கே வெட்டும்போதும் அந்த வசனம் அங்கேயே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்றுக்கு வருகிறேன்.

அண்மையில் ஒரு நேயர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். குரலைக் கேட்டால் ஐம்பது வயதிருக்கும். "தங்கச்சி, அப்பா தவறிட்டாரு. தம்பி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்துவனா மாறிட்டான். ஒரே பையன். கொள்ளி வைக்க மாட்டேன்னுட்டான். சித்தப்பா பையன்தான் வெச்சான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டுப் பக்கமே வரல. அம்மா இன்னும் அவன்கூடப் பேசல. நீங்களும் கிறிஸ்துவர்தானே? உங்க மதம் இதைத்தான் சொல்லுதா?"

நான் அதை ஒலிபரப்பவில்லை. முப்பது விநாடியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போடுகிற கேள்வியல்ல அது. இங்கே எழுதலாம் என்று அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. நம் சமூகத்தில் இப்போது அடிக்கடி கேள்விப்படுகிற கதை. ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயில் கமிட்டியில் இருப்பார், தங்கை சபைக்குப் போவார். கல்யாணம்வரை சமாளித்துவிடுகிறார்கள். சாவு வீட்டில்தான் உடைகிறது. ஏனென்றால் சாவு வீட்டில் நேரம் கிடையாது. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும், அதுவும் அழுகிற எல்லோர் முன்னிலையிலும்.

அந்தத் தம்பியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சடங்கு என்பது வெறும் அசைவல்ல, அது ஒரு வேண்டுதல். தான் நம்பாத வேண்டுதலை அப்பாவின் உடலுக்கு முன்னால் நின்று நடிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நெருப்பு அங்கே பிரச்சனையல்ல. கத்தோலிக்கத் திருச்சபையே 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. மந்திரமும் வழிபாடும்தான் அவருக்குத் தடை. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் பதினாறாம் நாள் வீட்டுப் பக்கம் வராதது? அதற்கு எந்த வேதத்திலும் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. கிறிஸ்துவம் பிறந்து முப்பது ஆண்டுகூட ஆகாத காலத்திலேயே கொரிந்து நகரத்தில் இதே சண்டை வந்தது. அங்கே சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் படைக்கப்பட்டது. அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று புதிய கிறிஸ்துவர்கள் அடித்துக்கொண்டார்கள். பவுல் எழுதிய பதிலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒற்றை வரியில் 'சாப்பிடு', 'சாப்பிடாதே' என்று அவர் முடிக்கவில்லை. கோயிலுக்குள் நடக்கும் வழிபாட்டு விருந்தில் உட்காராதே என்கிறார். சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். விசுவாசம் இல்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு, போக விரும்பினால், போய் வைத்ததைச் சாப்பிடு என்கிறார். ஒருவர் இது படையல் என்று எடுத்துச் சொன்னால், அவருடைய மனசாட்சியை நினைத்து விட்டுவிடு என்கிறார். கவனியுங்கள்: விருந்துக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. எதிரே இருக்கிற மனிதரின் மனம் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய அளவுகோல்.

நம் மண்ணிலும் இதே வழக்கு நானூறு ஆண்டுக்கு முன்பு நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்துவராகிறவர்கள் சந்தனப் பொட்டையும் குடுமியையும் பூணூலையும் விடத் தேவையில்லை என்றார். சக பாதிரிமார்களே அவர்மேல் புகார் கொடுத்தார்கள். ரோமாபுரி 1623-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1744-இல் வேறொரு போப்பாண்டவர் பல வழக்கங்களைத் தடை செய்தார். அந்தத் தடைகளைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் எடுக்க வேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940-இல்தான் நீங்கியது. முந்நூறு வருடம் படித்தவர்கள் கூடி விவாதித்தும் அத்தனை முறை மாறிய ஒரு விஷயத்தை, மூன்று மணி வண்டிக்கு முன்னால் ஒரு தம்பி ஒற்றையாகத் தீர்க்க வேண்டியிருந்தது. நொபிலியின் ஏற்பாட்டில் சாதியும் கூடவே உள்ளே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழக்கமும் காப்பாற்றத் தகுந்ததல்ல.

சரி, என்னதான் செய்திருக்கலாம்? நேயருக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இதுதான். இது எல்லாக் குடும்பத்துக்கும் உதவலாம்.

முதலில், இதைச் சாவு வீட்டில் பேசக்கூடாது. அப்பா உயிரோடு, தெம்பாக இருக்கும்போதே ஒரு நாள் கோப்பியோடு உட்கார்ந்து பேச வேண்டும். "அப்பா, நான் மந்திரம் சொல்ல மாட்டேன், ஆனால் உங்களுக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டேன். யார் கொள்ளி வைக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டால், பெரும்பாலான அப்பாக்கள் நாம் நினைப்பதைவிட விவேகமானவர்கள். கொஞ்சம் கோபப்படுவார், இரண்டு நாள் பேச மாட்டார், பிறகு ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரே போதும். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தது அவமானமாகத் தெரியாது, அப்பாவின் விருப்பமாகத் தெரியும்.

அடுத்தது, செய்ய முடியாதது ஒன்றுதான். செய்யக் கூடியது நூறு. பாடை தூக்கலாம். மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கலாம். இறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கலாம். வந்தவர்களுக்கு நாற்காலி போடலாம், தண்ணீர் கொடுக்கலாம். பதினாறாம் நாள் காய்கறி வெட்டலாம், பாத்திரம் கழுவலாம், செலவில் தன் பங்கை யாரும் கேட்பதற்கு முன்பே அம்மாவின் கையில் வைக்கலாம். பூசை நடக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து மனதுக்குள் தன் செபத்தைச் சொல்லலாம். இவற்றில் எதுவும் ஒரு கிறிஸ்துவரின் மனசாட்சியைத் தொடாது. பத்துக் கட்டளைகளில் தாய் தந்தையை மதிப்பதும் ஒன்று. அந்தக் கட்டளையில் 'அவர்களும் உன் மதமாக இருந்தால்' என்று ஒரு நிபந்தனை இல்லை.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொள்ளி வைக்கவில்லை என்பதற்காக ஒருவரைச் சுடுகாட்டிலேயே வசை பாடினால், அவர் பதினாறாம் நாள் எப்படி வருவார்? கதவை இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்த முடியும்.

பிரசாதம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தைப்பூசம் முடிந்த மறுநாள் அலுவலகத்தில் யாராவது பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால் நான் வாங்கிச் சாப்பிடுவேன். என் தோழி ஒருத்தி சாப்பிட மாட்டாள், ஆனால் சிரித்துக்கொண்டே, "எனக்கு வேணாம்டி, உன் கதையைச் சொல்லு, எத்தனை படி ஏறினே?" என்று உட்கார்ந்து கேட்பாள். எங்கள் இருவரில் யாருடைய இறையியல் சரி என்று எனக்குக் கவலையில்லை. கொண்டுவந்தவர் மனம் நோகாமல் போகிறார். எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று: பிள்ளைகள் முன்னால் பக்கத்து வீட்டுச் சாமியைப் பேய் என்றும் சாத்தான் என்றும் பேசுவது. அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளியில் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடுதான் ஒரே மேசையில் உட்காரப் போகிறது. நம் மேடைகளில் சிலர் இதைப் பிரசங்கம் என்ற பெயரில் செய்கிறார்கள். அது துணிச்சலல்ல, வம்பு.

இதே வட்டாரத்தில் அடுத்த பக்கத்தையும் பார்க்கலாம். பாகான் செராயிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் புக்கிட் மெர்தாஜாம். ஜூலை 26 அன்னம்மாள் திருநாளுக்கு அங்கே கூடுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். 2019-இல் அந்தத் தேவாலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. மெழுகுவர்த்தி ஏந்தி வரிசையில் நிற்பவர்களில் திருநீறு பூசிய நெற்றிகள் எத்தனை! குழந்தை வரம் கேட்டு வருகிற தம்பதிகள், சீன பௌத்தர்கள், எல்லோரும் உண்டு. வாசலில் நின்று யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. அங்கே நாம் அவர்களை வரவேற்கிற அந்த முகம், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகும்போதும் நம்மோடு வர வேண்டாமா?

விசுவாசம், அன்றாட வாழ்க்கை என்று பேசும்போது பேராக்காரியான நான் சிபில் கார்த்திகேசுவைச் சொல்லாமல் விட முடியாது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. ஆங்கிலோ இந்தியர் போன்ற யுரேசியக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கத் தாதி. கணவர் யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர், டாக்டர் கார்த்திகேசு, இந்துவாகப் பிறந்தவர். மதம் தடையாக நின்று, பிறகு அவர் கத்தோலிக்கராகி, 1919-இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அந்த வீட்டிலும் நம் வீட்டுக் கதை இருந்திருக்கிறது பாருங்கள்.

ஜப்பானியர் காலத்தில் அவர்கள் ஈப்போவிலிருந்து பாப்பான் என்ற சிற்றூருக்குப் போனார்கள். அங்கே இரவில் காட்டிலிருந்து வந்த கெரில்லாப் போராளிகளுக்கு சிபில் ரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடை செய்யப்பட்ட வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்து பி.பி.சி. செய்தியைக் கேட்டு அக்கம்பக்கத்தில் நம்பிக்கையை ஊட்டினார். (வானொலியில் வேலை செய்கிற எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் வெட்கம் வரும். ஒரு செய்தி அறிக்கையைக் கேட்பதற்கு உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதே கருவியில் என்னவெல்லாம் பேசுகிறோம்.) 1943-இல் கைதானார். கெம்பெய்த்தாய் சித்திரவதையில் உடல் நொறுங்கியது. சின்ன மகளை நெருப்பில் போடுவோம் என்று மிரட்டியும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அந்தக் காயங்களிலிருந்து மீளாமலே 1948 ஜூன் 12-இல் பிரிட்டனில் இறந்தார். பிறகு உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

எல்லோரும் சொல்வது இந்தப் பகுதியைத்தான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய பகுதி. 1926 முதல் பதினைந்து வருடம் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவரோடு ஒரு மருந்தகம் நடத்தினார். பிரசவம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, காசில்லாதவனையும் உள்ளே விடுவது. சீன நோயாளிகளோடு கான்டனீஸ் மொழியில் பேசுவார். பதினைந்து வருடம் கதவைத் தட்டியவனுக்கெல்லாம் திறந்த கை, பதினாறாவது வருடம் இருட்டில் துப்பாக்கியோடு ஒருவன் வந்து தட்டியபோதும் திறந்துவிட்டது. அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய வீரத்தை நாம் யாரும் பின்பற்ற வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும். அந்த மருந்தக வருடங்களைப் பின்பற்றலாம்; அதற்குத் தடை எதுவும் இல்லை.

இன்றைய மருந்தகம் எது? அலுவலகம்தான். போக்குவரத்துப் போலிஸ்காரர் நிறுத்தியதும் கோப்பி காசுக்குக் கை தானாகப் பைக்குள் போகிறதே, அது ஒரு மடை. குடும்ப வாட்சாப் குழுவில் வந்த, உண்மையா பொய்யா என்று தெரியாத, இன்னொரு இனத்தைப் பற்றிய காணொளியை 'ஃபார்வர்ட்' செய்யும் விரல், அது ஒரு மடை. எங்கள் தொழிலில் மைக் மூடியிருக்கும் ஐந்து நிமிடம்தான் ஆபத்து. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வராத ஒருவரைப் பற்றி ஸ்டுடியோவில் நடக்கும் பேச்சு இருக்கிறதே, அது ஒலிபரப்பானால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வீட்டு வேலை செய்கிற பெண்களின் விஷயம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். வீட்டுப் பணிப்பெண்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அதாவது சட்டம் அந்த மடையை நம் கையில் விட்டிருக்கிறது. வருகிற பெண்களில் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக் கத்தோலிக்கர்களும் உண்டு. முதலாளி அம்மா குடும்பத்தோடு ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்; அதே விசுவாசத்தில் பிறந்த அந்தப் பெண் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பார். இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். காரில் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது.

தனியாக இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். 1976 ஆகஸ்ட் மாதம் நம் திருச்சபையில் ஒரு விசித்திரம் நடந்தது. தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கு குருத்துவக் கல்லூரியில் ஒரு மாதம் ஒன்றாகத் தங்கி, இந்த நாட்டில் திருச்சபை எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். அந்த மாதம் பங்குகளில் சாமியார் இல்லை. உபதேசியாரும் ஆசிரியரும் கிராணியும் குடும்பத் தலைவிகளும் சேர்ந்து வழிபாட்டை நடத்தினார்கள். கோயில் என்றால் சாமியார் என்று நினைத்திருந்த பலருக்கு அது பெரிய பாடம் என்று அம்மா சொல்வார். அந்தக் கூட்டத்தின் விளைவாக வளர்ந்தவைதான் இன்று நாம் பி.இ.சி. என்று அழைக்கிற அண்டை வீட்டுக் குழுக்கள்: பத்துப் பதினைந்து குடும்பங்கள், ஒரு வீட்டு வரவேற்பறை, ஒரு செபம், அதன் பிறகு யாருக்கு என்ன தேவை என்ற பேச்சு.

உண்மையைச் சொன்னால் பல குழுக்களில் செபமாலையும் மீகூனும் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் அடுக்குமாடிக் குழுவும் கொஞ்சகாலம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஏழாவது மாடி ஐயாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இந்து, எங்கள் குழுவைச் சேர்ந்தவரல்ல. மகன் சிங்கப்பூரில். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போக வர கிராப் கட்டணம் வேறு. யாரோ ஒருவர் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டினார். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பெயர், வியாழக்கிழமைக்கு ஒரு பெயர். என் பெயர் வியாழனில் இருக்கிறது. காலை நிகழ்ச்சி முடிந்து நேராகப் போய்விடுவேன். ஐயா பின் இருக்கையில் ஏறியதும் முதல் வேலையாக என் நிகழ்ச்சியில் நான் செய்த உச்சரிப்புப் பிழைகளைப் பட்டியல் போடுவார். போன வாரம் லகர ளகரம்.

சனிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.